பாயைச் சுருட்டிய பிறகுதான் யோகா!

காலை மணி ஐந்தரை. ஹாலில் பாயை விரித்து, நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் மூச்சை இழுத்து விட்டுக் கொண்டிருக்கிறார். முகத்தில் அப்படி ஒரு சாந்தம்!

அதே நேரம் சமையலறையில் ஒரு பெண். ஒரு அடுப்பில் பால், இன்னொரு அடுப்பில் குக்கர். சட்னிக்குத் தேங்காய் துருவி வைத்தாகிவிட்டது. ஆனால், மிக்ஸியைப் போட முடியவில்லை. சத்தத்தில் அவருக்குத் தியானம் கலைந்துவிடுமே! "அம்மா, என் சாக்ஸ் எங்கே?" என்று கத்திக்கொண்டு வருகிற பையனை வாயைப் பொத்தி அடக்குகிறாள். "ஷ்ஷ்... அப்பா தியானத்துல இருக்கார். மெதுவாப் பேசு!"

ஆறரை மணிக்கு அவர் கண்ணைத் திறக்கிறார். பாயைச் சுருட்டி மூலையில் சாத்துகிறார். காபி டம்ளரைக் கையில் எடுக்கிறார். அடுத்த நிமிஷம்...

"என்ன காபி இது, பச்சைத் தண்ணி மாதிரி? மனுஷன் காலையில ஒரு வாய் சூடா காபி குடிக்கக்கூட இந்த வீட்டுல வழி இல்லையா?"

சாந்தம் போன இடம் தெரியவில்லை!

யார் வீட்டுக் கதை என்று யோசிக்காதீர்கள். என் வீட்டுக் கதைதான். டம்ளரைப் பிடித்துக்கொண்டு கத்திய அந்த மகா யோகி, சாட்சாத் நானேதான். எட்டு வருஷமாக ஒருநாள் விடாமல் ஆசனமும் பிராணாயாமமும் செய்கிறேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக் கொண்டிருந்தவன்.

அந்தப் பெருமைக்கு ஒருநாள் டாக்டர் ஒருவரின் அறையில் வைத்தியம் நடந்தது.

டாக்டர் சிரித்தார், நானும் சிரித்தேன்

என் மனைவிக்கு அடிக்கடி தலைவலி, படியேறினால் படபடப்பு. "ஒண்ணுமில்லீங்க, வெயில்" என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். ஒருவழியாக அழைத்துப் போனால், ரத்த அழுத்தம் 160க்கு 100! இன்னொரு நாளும் வரச்சொல்லிப் பார்த்தார் டாக்டர். அன்றும் குறையவில்லை. மாத்திரை எழுதினார். உப்பைக் குறைக்கச் சொன்னார். பிறகு, "தினமும் அரை மணி நேரம் நடங்கம்மா. மூச்சுப் பயிற்சி ஏதாவது பண்ணுங்க. உங்க வீட்டுக்காரர்தான் யோகா பண்றாராமே, அவர்கிட்டயே கத்துக்கலாமே?" என்றார்.

அவள் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அவர் யோகா பண்ற நேரத்துலதான் டாக்டர், எனக்கு வேலையே அதிகம்!"

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால், ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது சிரிப்பு வரவில்லை. நான் ஒரு மணி நேரம் அசையாமல் உட்காருவதற்காக அவள் ஒரு மணி நேரம் ஓடியிருக்கிறாள். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. எட்டு வருஷம்! என் ரத்த அழுத்தம் அருமையாக இருக்கிறது. அவளுடையது ஏறிவிட்டது. என் யோகாவினால்தான் அவளுக்கு நோய் வந்தது என்று சொல்ல மாட்டேன். அதற்கு வயது, பரம்பரை, உப்பு, தூக்கமின்மை என்று ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால், அவள் தன் உடம்பைக் கவனித்திருக்க வேண்டிய நேரம் எங்கே போயிற்று என்பது எனக்குத் தெரியும். அது என் பாயின் மேல் இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு அபிப்பிராயம் உறுதியாகிவிட்டது. அதைத்தான் இங்கே உங்களிடம் சொல்ல வந்தேன். பாயின் மேல் நாம் செய்வது யோகாவுக்கான ஒத்திகை. நிஜமான யோகா, பாயைச் சுருட்டி வைத்த பிறகு வீட்டில் உள்ளவர்களோடுதான் நடக்கிறது. அங்கே நடக்கவில்லை என்றால், எத்தனை வருஷம் உட்கார்ந்தாலும் அது வெறும் தேகப் பயிற்சிதான்.

இரண்டைத் தாண்டி மூன்றில் கால் வைத்தோம்

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. பதஞ்சலியின் யோக சூத்திரத்தைப் புரட்டிப் பாருங்கள். நான்கு பாதங்கள், மொத்தம் 196 சூத்திரங்கள். (சில பதிப்புகளில் 195.) இவற்றில் ஆசனத்தைப் பற்றி நேரடியாகச் சொல்பவை எத்தனை தெரியுமா? மூன்றே மூன்று! ஆடாமல், சிரமமில்லாமல் உட்காரத் தெரிய வேண்டும் என்பதுதான் அவற்றின் சாரம். தலைகீழாக நிற்பது பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.

அவர் சொல்லும் எட்டு அங்கங்களின் வரிசையைக் கவனியுங்கள். யமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி. ஆசனம் மூன்றாவது. அதற்கு முன்னால் இரண்டு இருக்கின்றன. யமம் என்பது பிறரோடு எப்படி நடந்துகொள்வது. நியமம் என்பது நம்மை நாம் எப்படி வைத்துக்கொள்வது. நாமோ மூன்றாவதற்கும் நான்காவதற்கும் ஃபீஸ் கட்டி கிளாஸ் சேருகிறோம். முதல் இரண்டையும் சாய்ஸில் விட்டுவிடுகிறோம்!

ஐ.நா. சபை 2014 டிசம்பரில் தீர்மானம் போட்டு, 2015 முதல் ஜூன் 21 உலக யோகா தினமாகக் கொண்டாடப்படுகிறது. மைதானம் கொள்ளாத கூட்டம், வரிசை வரிசையாகப் பாய்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால், நிகழ்ச்சி முடிந்து வண்டியை எடுத்ததும், முன்னால் நிற்கிற பெரியவர் காதைப் பிளக்கிற மாதிரி ஹாரன் அடிக்கிறோமே, அந்த இடத்தில் நாம் எந்த அங்கத்தில் இருக்கிறோம்?

அடுக்களையில் ஐந்து யமங்கள்

யமங்கள் ஐந்து. அஹிம்சை, சத்தியம், அஸ்தேயம், பிரம்மசரியம், அபரிக்கிரகம். பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். எல்லாமே நம் வீட்டுச் சமாச்சாரம்தான்.

அஹிம்சை என்றால் எறும்பை மிதிக்காமல் நடப்பது மட்டும்தானா? கணக்கில் மார்க் குறைந்து வந்த பிள்ளையைப் பார்த்து, "நீயெல்லாம் எங்கே உருப்படப் போறே?" என்று கேட்கிறோம். அடி அரை மணியில் ஆறிவிடும். இந்த வார்த்தை நாற்பது வயதிலும் காதில் கேட்கும்.

சத்தியத்தில் நாம் தோற்பது நாளைக்குப் பத்து தடவை. டீக்கடையில் நின்றுகொண்டு போனில், "மீட்டிங்ல இருக்கேன்" என்கிறோம். சரி, அது போகட்டும். இன்னொரு ரகம் இருக்கிறது. "உள்ளதைத்தானே சொன்னேன்?" என்று ஆரம்பித்து, சாம்பாரில் தொடங்கி மாமியார் வீட்டுச் சீர் வரைக்கும் குத்திக் காட்டுகிறவர்கள். பிறருக்குத் தீங்கில்லாத சொல்லே வாய்மை என்று வள்ளுவர் விளக்கம் சொல்லி வைத்ததே இவர்களுக்காகத்தான்.

பிரம்மசரியம் என்றதும் குடும்பஸ்தர்கள் பயப்பட வேண்டியதில்லை. எதிலும் அளவோடு இருப்பது என்று எடுத்துக்கொண்டால் போதும். அபரிக்கிரகம் என்பது தேவைக்கு மேல் சேர்க்காமலிருப்பது. உங்கள் வீட்டுப் பரணில் அட்டைப்பெட்டி பிரிக்காத சாமான்கள் எத்தனை இருக்கின்றன என்று ஒருமுறை ஏறிப் பாருங்கள். பாடம் தானாகப் புரியும்.

மூன்றாவது யமமான அஸ்தேயத்தை வேண்டுமென்றே கடைசியில் வைத்திருக்கிறேன். திருடாமை. "நாங்க என்ன திருடர்களா?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். ஆனால், பிறர் மனமுவந்து தராததை எடுத்துக்கொள்வது எல்லாமே திருட்டு என்றால், நேரத்தை என்ன சொல்வீர்கள்?

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ல் நாடு முழுக்க மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிஷம் செலவிடுகிறார்கள். கிட்டத்தட்ட 5 மணி நேரம்! அதில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிஷம். அதுவும் ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்தான் வீட்டு வேலைப் பக்கமே வருகிறார்கள். பெண்களில் 81 பேர்.

இப்போது சொல்லுங்கள். நம் காலை நேர அமைதி எங்கிருந்து வந்தது? ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. 299 நிமிஷக்காரர் ஒருவர் கொடுத்ததுதான். மனமுவந்து கொடுத்தாரா, வேறு வழியில்லாமல் கொடுத்தாரா? நாம் என்றைக்காவது கேட்டோமா? நான் கேட்கவில்லை.

பதஞ்சலி இந்த யமங்களைப் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தையும் சொல்லியிருக்கிறார். பிறப்பு, இடம், காலம், சந்தர்ப்பம் என்று எந்த விலக்கும் இல்லாமல் கடைப்பிடித்தால்தான் இது மகா விரதம். அதாவது, "நான் இப்ப தியானத்துல இருக்கேன்" என்பதுகூட ஒரு சாக்காக முடியாது!

"இதெல்லாம் சந்நியாசிகளுக்கு சார்!"

இப்படிச் சொல்லித் தப்பிப்பவர்கள் உண்டு. நம் ஊரிலேயே இதற்குப் பதில் இருக்கிறது.

திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகம் சொல்கிறார். அங்கே கொல்லாமை, பொய் பேசாமை, களவின்மை என்று ஒழுக்கங்களை அடுக்கும்போது, பகுத்து உண்பதையும் அதில் சேர்க்கிறார். எவ்வளவு அழகான சேர்க்கை பாருங்கள்! சோற்றைப் பகிர்வது யோகம் என்றால், அந்தச் சோற்றை ஆக்குகிற வேலையைப் பகிர்வது யோகமாகாதா?

மைசூரில் யோகம் கற்பித்துவிட்டுப் பிறகு சென்னைக்கு வந்து, 1989ல் நூறு வயதில் மறைந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார், மனைவி மக்களோடு குடும்பஸ்தராகவே வாழ்ந்தவர். ஆளுக்குத் தகுந்த மாதிரி, வயது, உடல்நிலை, தொழில் பார்த்து யோகத்தைப் பொருத்திக் கொடுக்க வேண்டும் என்பதை வற்புறுத்தியவர். எல்லோருக்கும் ஒரே அளவுச் சட்டை தைக்காதே என்பதுதான் அதன் பொருள்.

வேதாத்திரி மகரிஷியை எடுத்துக்கொள்ளுங்கள். 1911ல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தறியில் உழைத்தவர், குடும்பம் நடத்தியவர். சினம் தவிர்த்தல், ஆசை சீரமைத்தல், கவலை ஒழித்தல் என்று அவர் வகுத்த அகத்தாய்வுப் பயிற்சிகளைப் பாருங்கள். மூன்றுமே குடும்பத்தில் தினசரி முளைக்கிற பிரச்னைகள். எல்லாவற்றுக்கும் மேலாக, தன் துணைவி லோகாம்பாளின் பிறந்த நாளான ஆகஸ்ட் 30ஐ மனைவி நல வேட்பு நாளாகவே அறிவித்தார். தவம் செய்கிறவன் மனைவிக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கோபம் வரும்போது மூச்சு எங்கே போகிறது?

சரி, நடைமுறைக்கு வருவோம். தத்துவம் புரிந்தாலும் கோபம் வரத்தானே செய்கிறது?

ஒத்திகை உதவுகிற இடம் இதுதான். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் கூடும். வெளியே விடும்போது கொஞ்சம் குறையும். இது உடம்பின் இயல்பு. வெளியே விடுவதை நீட்டினால், உடம்பைச் சாந்தப்படுத்துகிற நரம்புகளுக்கு வேலை கிடைக்கிறது. காலையில் இதைப் பழகுகிறோம். ஆனால், தேவைப்படுகிற நேரத்தில் மறந்துவிடுகிறோம்! டம்ளர் கையில் இருக்கும்போது, பையன் ரிப்போர்ட் கார்டை நீட்டும்போது, நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். மூன்று தடவை. அதன் பிறகு பேசுங்கள். சொல்ல நினைத்த வார்த்தையில் பாதி தேவையே இல்லை என்று உங்களுக்கே தெரியும்.

பிரத்தியாகாரம் என்கிற ஐந்தாவது அங்கத்துக்கு இன்றைக்கு ஒரே ஒரு பயிற்சி போதும். சாப்பிடும்போது செல்போனை வேறு அறையில் வையுங்கள். அது 'டிங்' என்று கூப்பிடும். போகாதீர்கள். புலன்களை உள்ளே இழுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது ஒரே வேளைச் சாப்பாட்டில் புரிந்துவிடும்.

இன்னொன்று. மனசு தெளிய பதஞ்சலி நாலு வழி சொல்கிறார். சந்தோஷமாக இருப்பவர்களிடம் சிநேகம், கஷ்டப்படுகிறவர்களிடம் கருணை, நல்லது செய்கிறவர்களைப் பார்த்து மகிழ்ச்சி, கெட்டது செய்கிறவர்களிடம் ஒட்டாமல் ஒதுங்குதல். அபார்ட்மெண்டில் குடியிருப்பவர்களுக்காகவே எழுதிய மாதிரி இல்லை? எதிர் வீட்டுப் பெண்ணுக்கு மெடிக்கல் சீட் கிடைத்துவிட்டது. ஸ்வீட் பாக்ஸ் வருகிறது. அந்த ஒரு மைசூர்பாகை வயிற்றெரிச்சல் இல்லாமல் விழுங்க முடிந்தால், அன்றைக்கு நீங்கள் சிரசாசனம் செய்யாவிட்டாலும் பரவாயில்லை.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை

"எனக்கு ஏதுங்க நேரம்?" என்று சிரித்துவிட்டு நகர்கிறவர்களே, நியமங்களில் சந்தோஷம் என்று ஒன்று இருக்கிறது. கிடைத்ததில் நிறைவு. இதைத்தான் பல வீடுகளில் தப்பாகப் படித்து, "பொறுத்துப் போ, அதுதான் ஆன்மிகம்" என்று பெண்கள் தலையில் கட்டிவிட்டார்கள். பொறுத்துக்கொண்டே இருப்பது நிறைவு ஆகாது. அஹிம்சைப் பட்டியலில் உங்கள் உடம்பும் சேர்த்திதான். தலைவலியை வெயில் என்று சொல்லி மறைப்பது உங்களுக்கு நீங்களே செய்துகொள்கிற ஹிம்சை. அரை மணி நேரம் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பது சத்தியத்தில் சேர்ந்தது!

எங்கள் வீட்டில் என்ன மாறியது?

பெரிய புரட்சி ஒன்றும் நடந்துவிடவில்லை. என் ஒரு மணி நேரத்தை அரை மணியாக்கினேன். ஐந்து மணிக்கு உட்கார்ந்து ஐந்தரைக்கு எழுந்துவிடுகிறேன். அதன் பிறகு அடுக்களை என் பொறுப்பு. அவள் மொட்டை மாடியில் நடந்துவிட்டு, பத்து நிமிஷம் மூச்சுப் பயிற்சி செய்கிறாள்.

முதல் வாரம் பீன்ஸை நான் நறுக்கிய லட்சணத்தில், பாதி வெந்தது, பாதி வேகவில்லை. டிபன் பாக்ஸ்கள் பையனுக்கும் பெண்ணுக்கும் மாறிப் போயின. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, "ஆம்பளைப் பிள்ளைக்கு அடுப்படியில என்னடா வேலை?" என்றார். "யோகாம்மா" என்றேன். நம்பவில்லை. சில நாள் எரிச்சல் வந்து கத்தவும் செய்தேன். இன்னமும் கத்துகிறேன், முன்பைவிடக் குறைவாக. வெகு காலம், இடைவிடாமல், அக்கறையோடு செய்தால்தான் பயிற்சி வேர் பிடிக்கும் என்று பதஞ்சலி சொன்னதை இப்போது காய் நறுக்கிக்கொண்டே புரிந்துகொள்கிறேன்.

மனைவிக்கு மாத்திரை நிற்கவில்லை. நடக்கிறோம், மூச்சுப் பயிற்சி செய்கிறோம் என்று டாக்டரைக் கேட்காமல் யாரும் மாத்திரையை நிறுத்தவும் கூடாது. மாத்திரை, உப்புக் குறைப்பு, நடை எல்லாம் சேர்ந்து இப்போது ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. எதனால் எவ்வளவு குறைந்தது என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. முகம் தெளிந்திருக்கிறது. அது போதும்.

நாளைக் காலை நீங்கள் பாயை விரிக்கும்போது, கண்ணை மூடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். நீங்கள் உட்காருவதற்காக யார் நின்றுகொண்டிருக்கிறார்கள்? அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டு பிறகு மூச்சை இழுங்கள்.

போன வாரம் ஒரு காலை. நான் டிகாஷன் இறக்கிக் கொண்டிருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அவள். பையன் வழக்கம் போலக் கத்திக்கொண்டு ஓடி வந்தான், "அம்மா, என் சாக்ஸ் எங்கே?"

என் வாயிலிருந்து தானாக வந்தது:

"ஷ்ஷ்... அம்மா தியானத்துல இருக்காங்க. மெதுவாப் பேசு!"